மூக்கில் முளைத்த முடி

“டாக்டரம்மா, தாடிக்குச் சவரம் பண்றவனைப் பார்த்திருப்பீங்க. மூக்குக்குச் சவரம் பண்றவனைப் பார்த்திருக்கீங்களா?”

கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அந்த ஐயா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே வெயில், கீழே தாரின் அனல் என்று வேலை பார்த்த முகம். பின்னாலேயே மஞ்சப்பையோடு அவர் மனைவி.

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். மூக்கின் நடுவிலிருந்து நுனிவரை, இடப்பக்க மடலையும் சேர்த்து, வேறிடத்துத் தோல் ஒட்டியிருந்தது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுப்பு, ஓரம் முழுக்கத் தடித்த விளிம்பு. நுனிப்பக்கத்தில் கறுப்பும் வெளுப்புமாக முடியின் அடிக்கட்டைகள். இரண்டு நாள் முன்னால் சவரம் செய்திருப்பார். புருவத்துக்கு மேலே செங்குத்தாக ஒரு தழும்பு கிளம்பித் தலைமுடிக்குள் போய் மறைந்தது.

“சாமி எனக்கு நிரந்தரமா ஒத்தை நாமம் போட்டுட்டார்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டாரும்மா. கேட்டா சுகருங்கிறாரு.”

மதுரையில் தோல் மருத்துவராக இருக்கிறேன். தழும்போடு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “லேசர் வைப்பீங்களா?” என்றுதான். நான் முதலில் கேட்பது வேறு: “பயாப்சி ரிப்போர்ட் எங்கே?” மஞ்சப்பையிலிருந்து அதை அம்மா எடுத்துக் கொடுத்தார். பேசல் செல் கார்சினோமா. வெட்டியெடுத்த சதையின் எல்லா விளிம்பிலும், அடியிலும் புற்றுச் செல் இல்லை என்று எழுதியிருந்தது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் தழும்பின் மேல் கை வைப்பதில்லை என்பது என் அறையின் சட்டம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோலில் வரும் புற்றுநோய்களில் உலகத்திலேயே அதிகம் காணப்படுவது இந்தப் பேசல் செல் வகைதான். மேல்தோலின் அடி வரிசையிலுள்ள செல்களைப் போன்ற செல்களால் ஆனது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும். நம்மவர்களுக்குக் குறைவு. நமக்கு நிறம் தரும் மெலனின் நிறமிதான் வெயிலின் புற ஊதாக் கதிரை வடிகட்டிப் பாதி காப்பாற்றுகிறது. குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை. மூக்கு, கன்னம், கண்ணோரம், மேலுதடு என்று வெயில் படும் இடமாகப் பார்த்து வரும். மெதுவாக வளரும். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும். டப்ளினைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப் 1827-இல் இதை விவரித்து எழுதினார். பிறகு வந்த ஆங்கிலேய மருத்துவர்கள் எலி கரம்பும் புண் என்றே பெயர் வைத்தார்கள். உயிருக்கு உடனே ஆபத்தில்லை, முகத்துக்கு ஆபத்து. அதனால்தான் இதை வெட்டியெடுத்த பிறகு வரும் தழும்பு ஒரு தனிப் பிரச்சினையாகிறது.

வெட்டுவதிலும் வகை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாணவராக இருந்தபோதே பிரெடெரிக் மோஸ் என்பவர் ஒரு முறையைத் தொடங்கி 1941-இல் வெளியிட்டார். கட்டியை மெல்லிய அடுக்காக எடுத்து, அதன் அடியையும் ஓரத்தையும் முழுதாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த மூலையில் புற்று மிச்சமிருக்கிறதோ அந்த மூலையை மட்டும் மறுபடி சீவுவது. முதல்முறை வந்த பேசல் செல் புற்றில் 99 சதவீதம்வரை திரும்ப வராமல் தடுக்கும் முறை இது. நல்ல தோல் வீணாவதும் குறைவு. இந்தியாவில் இதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. பெரும்பாலும் கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, சதையை அங்கேயே உறைய வைத்துச் சீவிப் பார்த்து, சுத்தமாகிவிட்டதா என்று உறுதி செய்த பிறகு மூடுகிறார்கள். ஐயாவுக்கும் அப்படித்தான்.

மூடுவது என்று வரும்போதுதான் மூக்கு பாடு படுத்தும். கன்னத்தில் என்றால் இரண்டு பக்கமும் இழுத்துத் தைத்துவிடலாம். மூக்கில் இழுக்க உபரித் தோல் கிடையாது. நெற்றியிலிருந்து ஒரு தோல் பட்டையை எடுத்து, அதன் காம்பை அறுக்காமல் புருவத்தருகே வைத்துக்கொண்டு, அப்படியே கீழே திருப்பி மூக்கில் தைப்பார்கள். காம்பு வழியாக ரத்தம் ஓடும். மூன்று வாரத்தில் மூக்குப் பக்கத்து ரத்தக் குழாய்கள் கைகொடுத்ததும் காம்பை அறுத்துவிடுவார்கள். அந்த மூன்று வாரமும் இரண்டு கண்ணுக்கு நடுவே ஒரு சதைத் தண்டு தொங்கும். அதைப் பார்க்கிற குடும்பத்துக்குத்தான் தெரியும் அந்த நாள்கள்.

இந்த வித்தை மேலைநாட்டுக்கு இங்கிருந்து போனது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். மெழுகைத் தகடாக்கி மூக்குக் குறையின் மேல் வைத்து அளவெடுத்து, அந்தத் தகட்டை நெற்றியில் பரப்பிக் கோடு போட்டு, கோட்டின்மேல் தோலை உரித்தார். லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ 1794 அக்டோபரில் படத்தோடு இதை வெளியிட்டது. அதைப் பார்த்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-இல் லண்டனில் அதே போலச் செய்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜன் மெழுகுக்குப் பதில் தையல் நூல் வரும் பாக்கெட்டின் அலுமினியத் தாளை வெட்டி அளவெடுக்கிறார். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஐயாவுக்கு நெற்றி உயரம் கம்மி. பட்டையின் நீளம் போதாமல் அதன் மேல்நுனி தலைமுடி எல்லைக்குள் போயிருக்கிறது. திருப்பிக் கீழே இறக்கும்போது அந்த மேல்நுனிதான் மூக்கு நுனியாகும். தலைமுடி வேர் எங்கே நட்டாலும் தலைமுடியாகத்தான் வளரும். ஆக மூக்கில் முளைப்பது உண்மையில் தலைமுடி. இதைச் சொன்னதும் அவருக்குத் தாங்கமுடியாத சிரிப்பு. “அப்ப மாசத்துக்கு ஒருக்க சலூன்ல கட்டிங்குக்கே விட்டுரலாம்போல.”

முடி, தடித்த விளிம்பு, நிற வித்தியாசம், நெற்றிக் கோடு. ஒரே முகத்தில் நான்கு தனித்தனிப் பிரச்சினை. லேசர் என்றால் ஏதோ ஒரே ஒரு மிஷின், அதை வைத்தால் எல்லாம் போய்விடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு லேசரும் ஒரே ஒரு அலைநீள ஒளியைத் தரும். ஒவ்வொரு அலைநீளமும் தோலுக்குள் ஒவ்வொரு பொருளைத் தேடிப் போய்ச் சுடும். ஒன்றுக்கு ரத்தத்தின் சிவப்பு வேண்டும், ஒன்றுக்கு முடியின் கறுப்பு, இன்னொன்றுக்குத் தோலிலுள்ள தண்ணீர். சரியான அலைநீளத்தைச் சரியான நொடித்துளி அளவுக்குக் கொடுத்தால் பக்கத்துத் திசு பொசுங்காமல் இலக்கை மட்டும் சுடலாம் என்ற கணக்கை 1983-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள். தோல் லேசர் அறை ஒவ்வொன்றும் இன்றைக்கு அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கிறது.

முடிக்கு என்டி யாக் லேசர், 1064 நானோமீட்டர். தோலுக்குள் ஆழமாகப் போகும், மேல்தோலின் நிறமியை அவ்வளவாகச் சீண்டாது. நம் நிறத்துக்கு இதுதான் பத்திரம். நான்கைந்து தடவையில் ஐயாவின் கறுப்பு முடிகள் உதிர்ந்தன. வெள்ளை முடிகள் அப்படியே நின்றன. வெள்ளை முடியில் நிறமி இல்லை, லேசருக்குப் பிடி கிடைக்காது.

“டை அடிச்சுட்டு வரட்டுமாம்மா?”

நல்ல கேள்வி. ஆனால் டை வெளியில் தெரியும் முடியைத்தான் கறுப்பாக்கும். சுட வேண்டியது உள்ளே இருக்கிற வேரை. மிச்சமிருந்த வெள்ளை முடிகளுக்கு ஒவ்வொரு வேராக நுண்ணூசி செலுத்தி மின்சாரம் கொடுத்து எரித்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பழைய முறைதான், ஆனால் இந்த இடத்தில் புது மிஷினை அது ஜெயித்துவிடுகிறது.

தழும்புக்கு வருவோம். தோல் வெட்டுப்பட்டால் உடம்பு அவசரத்துக்குக் கொலாஜன் என்ற புரத நாரை அள்ளிப் போட்டு இடைவெளியை அடைக்கிறது. நல்ல தோலில் இந்த நார் கூடை முடைந்ததாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். தழும்பில் ஒரே திசையில் இறுகிக் கிடக்கும். வியர்வைச் சுரப்பி இராது, முடி வேர் இராது. ஒரு வருஷத்துக்கு மேலும் அது தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு திருத்தினாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. எனவே தழும்பை ‘இல்லாமல் ஆக்கும்’ லேசர் எங்கும் கிடையாது. அப்படி விளம்பரம் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். பக்கத்துத் தோலோடு கண்ணுக்கு ஒத்துப்போகும்படி தழும்பைப் பணிய வைக்கலாம். அவ்வளவுதான் முடியும். அதுவே பெரிய காரியம்.

சிவந்து புடைத்த புதுத் தழும்புக்குப் பல்ஸ்டு டை லேசர். 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளி. தழும்புக்குள் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்களைச் சுட்டு மூடும். ரத்த ஓட்டம் குறையக் குறையச் சிவப்பும் தடிப்பும் இறங்கும். நம் தோலில் தழும்பின் சிவப்பு செம்பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும், பலர் அதைக் கருமை என்று நினைத்து வெளுக்க வைக்கும் க்ரீம் பூசிக்கொண்டிருப்பார்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு கணம் வெளிறினால் அது ரத்தம், வெளிறாவிட்டால் நிறமி.

மேடுபள்ளமான, இறுகிய, பழைய தழும்புக்கு ஃப்ராக்‌ஷனல் சிஓடூ லேசர். இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர், தண்ணீரைக் கண்டதும் சுடும். கார்பன் டை ஆக்ஸைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த குமார் படேல் புனே மாவட்டத்து பாராமதிக்காரர், புனேயில் படித்தவர். மூக்கு வைக்கிற வித்தையும் அந்த வடுவை மழுக்குகிற கருவியும் ஒரே வட்டாரத்து ஆள்களின் கைவேலை என்பது எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம்.

முன்பெல்லாம் இந்த லேசரால் தோலின் மேல்பரப்பை முழுதாகச் சீவினார்கள். வாரக் கணக்கில் ரணம், மாதக் கணக்கில் சிவப்பு. கறுத்த தோலில் அதைச் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. 2004-இல் டீட்டர் மான்ஸ்டீனும் அதே ராக்ஸ் ஆண்டர்சனும் சேர்ந்து வழி சொன்னார்கள்: முழுதாகச் சுடாதே, கண்ணுக்கே தெரியாத புள்ளிகளாகச் சுடு, புள்ளிக்குப் புள்ளி நல்ல தோலை விட்டு வை. அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து ஒவ்வொரு துளையையும் ஓரிரு நாளில் மூடிவிடும். சூடுபட்ட இடத்தில் பழைய நார் கரைந்து புது நார் ஒழுங்காக அமையும். இந்த வேலை வெளியே தெரியாமல் மூன்று மாதம், ஆறு மாதம் நடக்கும். அதனால் இன்று லேசர் வைத்து நாளைக்கே கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால் பயம் குறையும். மரத்துப்போகும் க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். பிறகு துளி விடாமல் துடைத்தெடுப்போம். ஸ்பிரிட் பட்டிருந்தால் காயும்வரை மிஷினைத் தொடமாட்டோம். இந்த ஒளி தீப்பற்ற வைக்கும். பக்கத்தில் ஈரத் துணி இருக்கும். அறையில் இருப்பவர் எல்லாருக்கும் கண்ணாடி, படுத்திருப்பவருக்கு உலோகக் கண் மூடி. இமைக்கு அருகில் வேலை என்றால் மரத்துப்போகும் சொட்டு விட்டு இமைக்கு உள்ளேயே ஒரு சிறு உலோகக் கிண்ணத்தைப் பொருத்துவோம். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வோம், ஒளி பட்டுத் திரும்பும். குளிர்காற்றுக் குழாய் ஒரு பக்கம், புகையை உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம். டக், டக் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் சுள்ளென்று ஒரு குத்து, லேசாக முடி பொசுங்கும் வாடை. ஐயாவின் மூக்கு விளிம்புக்கும் நெற்றிக் கோட்டுக்கும் சேர்த்தே பத்து நிமிஷம் ஆகவில்லை. “ரோடு போடும்போது தெறிக்கிற தாருக்கு இது தேவலாம்” என்றார்.

அன்றைக்கு எரிச்சல், இரண்டு நாள் வீக்கம். பிறகு தவிட்டு நிறத்தில் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பொருக்குக் கட்டி ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்றிலிருந்து ஐந்து தடவை என்பது வழக்கம். அடிக்கடி உதட்டோரம் அக்கி வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லேசரின் சூடு அந்தக் கிருமியைத் தட்டியெழுப்பும், தடுப்பு மாத்திரை கொடுத்துத்தான் தொடங்குவோம். கதிர் சிகிச்சை வாங்கிய தோல் என்றால் இன்னும் எச்சரிக்கை. லேசர் காயம் முடி வேர்களிலிருந்துதான் முக்கியமாக ஆறுகிறது, கதிர் பட்ட தோலில் அவை குறைந்துபோயிருக்கும்.

லேசரால் ஆகாததையும் சொல்லவேண்டும். ஒட்டிய தோல் உப்பி மேடாக நின்றால் அதை உள்ளேயிருந்து சீவி மெலிய வைப்பது சர்ஜனின் கத்தி. தழும்பு இழுத்துக் கீழிமை வெளியே புரண்டிருந்தாலோ மூக்குத் துவாரம் சுருங்கியிருந்தாலோ அதற்கும் கத்திதான். இதையெல்லாம் லேசரிலேயே சரி செய்கிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சையின் உண்மையான எதிரி தழும்பை விட லேசருக்குப் பின்னால் வரும் கருமை. சூடு பட்டால் நம் தோல் கறுப்பதுதான் வழக்கம். தோசைக்கல் சுட்ட இடம் எத்தனை மாதம் கறுத்துக் கிடக்கிறது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மெலனின் அதிகமுள்ள தோலில் ஒளியை நிறமியே பாதி வாங்கிக்கொள்கிறது, மேல்தோல் வெந்துபோகும். வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதிய அளவை இங்கே வைத்தால் தழும்பு மழுங்கும், அதைச் சுற்றிக் கருந்திட்டு வந்துவிடும். சக்தியைக் குறைத்து, புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, காதோரத்தில் ஒரு துளி இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருந்து, அப்புறம்தான் முகத்தின் நடுவுக்கு வருவேன். “போன டாக்டர் ஒரே தடவையில முடிச்சிடறேன்னாரே” என்று கேட்பவர்களும் உண்டு. நான் மெதுவாகத்தான் முடிப்பேன்.

திருமங்கலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் கன்னத்தில் இதே புற்றை எடுத்து நேர்கோடாகத் தைத்திருந்தார்கள். சுத்தமான தையல், ஆனால் தழும்பு தடித்துவிட்டது. அவர் வந்தது ஐப்பசியில். “தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் டாக்டர். மேடையில நிக்கணும். அதுக்குள்ள லேசர் வச்சு முடிச்சிருங்க.” முடியாது என்றேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் லேசர் வைத்தால் மேடையில் தழும்போடு கருமையும் நிற்கும். தடிப்புக்கு ட்ரையம்சினலோன் ஊசி, ராத்திரி சிலிகான் ஜெல், தினமும் விரலால் அழுத்தித் தேய்ப்பது, மேடைக்கு நல்ல மேக்கப். லேசரைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். முகம் சுளித்துக்கொண்டுதான் போனார். ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அந்தக் கன்னத்தில் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எப்போது தொடங்கலாம் என்பது அடுத்த கேள்வி. ஒரு வருஷம் காத்திரு, தழும்பு முற்றட்டும் என்பது நான் படித்த காலத்துப் பாடம். இப்போது அது மாறிவிட்டது. தையல் பிரித்துக் காயம் மூடிய சில வாரங்களிலேயே மென்மையான அளவில் தொடங்கினால் தழும்பு தடிக்கும் முன்பே வழிக்குக் கொண்டுவரலாம் என்று பல மருத்துவர்கள் செய்கிறார்கள். நானும் செய்கிறேன், ரிப்போர்ட் கையில் இருந்தால் மட்டும். அதற்காகப் பத்து வருஷத் தழும்போடு இருப்பவர்கள் நேரம் தாண்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய தழும்பும் இளகும்.

லேசருக்குப் பிறகு வீட்டில் செய்யவேண்டியது குறைவு, செய்யக்கூடாததுதான் அதிகம். வாசலின் பூசி ஈரமாக வையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம், புண்ணில் பட்டு வெயிலும் சேர்ந்தால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். மஞ்சள், கற்றாழை, தேன் எல்லாவற்றையும் பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். நெற்றித் தழும்பின் மேல் ஸ்டிக்கர் பொட்டு வைக்காதீர்கள், அதன் பசை சிலருக்குத் தோலை வெளுக்க வைக்கும். சன்ஸ்கிரீன் கட்டாயம், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். நம் நிறத்தை வெயிலின் புற ஊதா மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் கறுக்க வைக்கிறது. அதற்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் கிடைக்கிறது. வெள்ளைப் பூச்சாக நிற்காது என்பதால் ஆண்களும் கூச்சப்படாமல் போடுகிறார்கள். ஐயாவுக்குக் குடையும் சொன்னேன். “குடை பிடிச்சா சர்வேயருன்னு நெனச்சுக்குவாங்க” என்றார். பிடிக்கிறார்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தழும்பு லேசரை இன்சூரன்ஸ்காரர்கள் அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குவது வாடிக்கை. புற்றுநோய் அறுவையால் வந்த தழும்பு, இன்ன சிரமம் தருகிறது என்று அறுவை செய்த டாக்டரிடம் எழுதி வாங்கிக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், கேட்காமல் விடாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இந்த வசதி இருக்கிறதா என்றும் முதலில் விசாரியுங்கள்.

இனி, ரிப்போர்ட் விஷயம். லேசர் தோலின் மேல்பரப்பை அழகாக மூடிவிடும். அடியில் புற்றின் ஒரு கண்ணி மிச்சமிருந்தால் அது அந்த மூடிய தோலுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் வளரும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் மிஷினைத் தொடுவதற்கு முன் தோல் மைக்ராஸ்கோப்பை வைத்துத் தழும்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். தழும்புக்குள் பளபளப்பான குருணை, உடைந்து ரத்தம் கசியும் இடம், முன்பு இல்லாத கறுப்புப் புள்ளி எது தெரிந்தாலும் அன்று லேசர் கிடையாது, சதையெடுத்து டெஸ்ட்தான்.

இதைவிட மோசமானது வேறொன்று. மூக்கோரத்தில் ஒரு கறுப்பு மச்சத்தோடு ஒரு பெண்மணி வந்தார். ஓர் அழகு நிலையத்தில் இரண்டு முறை லேசர் வைத்து எடுத்தார்களாம், இரண்டு முறையும் திரும்ப முளைத்ததாம். “மறுபடியும் எடுத்து விட்டுருங்க” என்றார். சதையெடுத்து அனுப்பினேன். பேசல் செல் கார்சினோமா. வெள்ளைத் தோலில் இந்தப் புற்று முத்துப்போல் மினுங்கும், பார்த்ததும் சந்தேகம் வரும். நம்மவர்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் கறுப்பு நிறமி கலந்தே இருக்கிறது. பார்க்க மச்சம், மரு. சுட்டெடுத்தால் டெஸ்டுக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. மேலே ஆறிவிடும், அடியில் பரவும். அவருக்கு எடுக்கவேண்டி வந்த தோல், முதல் நாளே சரியாகப் பார்த்திருந்தால் எடுத்திருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு.

நாற்பது வயதுக்கு மேல் முகத்தில் புதிதாக ஒரு மச்சம் வந்தால், இருந்த மச்சம் வளர்ந்தால், ஒரு சிறு புண் ஆறுவதும் உடைவதுமாக மாதக் கணக்கில் இழுத்தால், யார் சொன்னாலும் அதை லேசரிலோ கரண்ட் வைத்தோ எடுத்துக்கொள்ளாதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டி, “பயாப்சி வேணுமா?” என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு லேசரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.